பரிசுப் பானை

சீதாலெட்சுமி அக்கா தண்ணீர் குடிக்காததால்தான் கிட்னி கெட்டுப்போனது என்று பனிக்கல் தோட்டத்தில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுக்கிறவர் சொன்னார். மலையில் வேலையை மேய்க்கிற கண்டாக்கு சொன்னார். கோயில் கமிட்டிக்காரர்கூடச் சொன்னார். "பொம்பளைங்க தண்ணியே குடிக்கிறதில்ல, பெறகு கிட்னி என்னத்துக்கு ஆகும்?" என்று ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள். குடித்தால் எங்கே போவது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மலை மலையாகத் தேயிலை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பொம்பளை ஒதுங்க நாலு தகரம் அடித்துக் கொடுக்க இந்த நாள்வரைக்கும் ஒருத்தருக்கும் கை வரவில்லை. அடக்கிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து, நீ ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்க மட்டும் வாய் வருகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் விஜிதரன். கொட்டகலை பஸாரில் ஆட்டோ ஓட்டுகிறேன். பிறந்தது பனிக்கல்லுக்கு அடுத்த தோட்டம். அக்காவின் புருஷன் வீரபத்திரன் அண்ணனும் என் அப்பாவும் ஒன்றாகத் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியவர்கள். அந்தப் பழக்கத்தில் பனிக்கல் பக்கம் சவாரி போனால் அக்கா வீட்டில் ஒரு வாய் சாப்பிடாமல் திரும்ப மாட்டேன். திரும்பவும் விடமாட்டாள். அவர்களுடைய மகள் தர்ஷனா கொழும்பில் துணிக்கடையில் நிற்கிறாள். மகளுக்கு வடிக்கிற சோற்றை எனக்குப் போடுவதாக அக்கா சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவுக்கு முதலில் கெட்டது கிட்னி இல்லை, கை. கொழுந்து பறிக்கிறவளுக்குக் கை போனால் என்ன மிச்சம்? மாசி வெயிலில் ஒருநாள் அவளை ஆட்டோவில் ஏற்றி வந்தேன். வலது கையை மடியில் போட்டு இடது கையால் தடவிக்கொண்டே வந்தாள்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி. கிள்ளணும்னு நெனைக்கிறேன், மணிக்கட்டு தொங்கிப் போயிருது."

"டிஸ்பென்சரியில காட்டுனீங்களா?"

"காட்டுனேன். பெனடோல் குடுத்தாரு. வயித்து வலின்னேன், அதுக்கும் பெனடோல். தல சுத்துதுன்னேன், அதுக்கும் அதேதான். நாளைக்குப் புருஷன் அடிச்சிட்டான்னு போய் நின்னாலும் பெனடோல்தான் குடுப்பாரு."

"அண்ணன் அடிக்கிறாரா?"

"அந்தாளா? கோழிய வெரட்டவே என்னையக் கூப்புடுற ஆளு!"

சிரித்தாள். சிரித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கும் அவளுக்கு அரைப்பேர்தான் போட்டிருந்தார்கள். கொழுந்து குறைந்தால் பாதிச் சம்பளம். அதற்குப் பெயர் அரைப்பேர். இந்தத் தோட்டத்திலேயே கூடுதலாகக் கொழுந்து பறித்தவள் என்று போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மேடையேற்றிக் கைதட்டியது இதே தோட்டம்தான்.

அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன். மகளிர் தினம். கம்பெனியிலிருந்து கொழும்பு ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தல், பேனர், ஒலிபெருக்கி எல்லாம் இருந்தது. பரிசாக ஒரு செம்புநிறப் பானை. வயிற்றில் தேயிலை மலையும் கூடை சுமந்த பெண்ணும் செதுக்கியிருக்கும். கீழே கம்பெனியின் பெயர். உள்ளே எட்டிப் பார்த்தால் வெள்ளி மாதிரி பளபளப்பு. தோட்டத்தை நடத்துகிற தொரை கையால் அக்கா அதை வாங்கினாள். வீரபத்திரன் அண்ணன் அந்தப் பானையைத் தோளில் வைத்துக்கொண்டு குடியிருக்கிற லயம்வரைக்கும் நடந்தே வந்தார். "ஆட்டோவுல வாங்கண்ணே" என்றால், "நாலு பேர் பாக்கட்டும்டா" என்றார்.

அவள் அந்தப் பானையை ரசத்துக்கு வைத்துக்கொண்டாள். செம்புப் பாத்திரம் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காலையில் புளி கரைத்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்க வைத்தால் ராத்திரிவரைக்கும் அந்தப் பானையிலேயே கிடக்கும். மழை நாளில் மலையிலிருந்து நனைந்து வந்து, உடுப்பு மாற்றுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் ரசம் குடிப்பாள். வயிற்று வலி வந்த பிறகு காலையிலும் குடித்தாள், மத்தியானத்துக்கும் போத்தலில் கொண்டுபோனாள். வயிற்றுக்கு நல்லதாம். அண்ணனுக்கு ரசம் அவ்வளவாக இறங்காது. ரொட்டியும் கட்டச்சம்பலும் இருந்தால் போதும் அவருக்கு.

பங்குனி முடிவதற்குள் அக்காவின் முகம் வெளுத்து, கால் வீங்கி, கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. நானும் அண்ணனும் சேர்ந்து தூக்காத குறையாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் கிட்னி பாதிக்குமேல் வேலை செய்யவில்லை என்றார்கள். அங்கேயும் முதல் இரண்டு பேர் தண்ணீர்க் கதையைத்தான் படித்தார்கள். மூன்றாவதாக வந்தவர்தான் டாக்டர் சுதர்ஷினி. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. சின்ன வயசு. எங்களோடு தமிழில் பேச ஒரு டாக்டர் கிடைத்ததே என்று எனக்கு வயிறு குளிர்ந்துபோனது.

"அம்மா, வாயைத் திறவுங்கோ. உங்கட முரசை ஒருக்காப் பாக்கோணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"என்னா தம்பி, மொரச காட்டச் சொல்றாங்க?"

"தப்பு அடிக்கிறவங்க அடுத்த லயத்துல இருக்காங்கம்மா," என்றார் அண்ணன் மரியாதையாக. "சொன்னா கூட்டியாருவோம்."

டாக்டரம்மா தன் ஈறைத் தொட்டுக் காட்டினார். "இது. பல்லு முளைக்கிற இடம். நாங்கள் முரசு எண்டுதான் சொல்லுறது."

"அட, ஈறு!" என்றாள் அக்கா. நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தோம். டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தவர், சிரிப்பை நிறுத்திவிட்டார். ஈறில் பல்லை ஒட்டி நீலக்கோடு ஓடுகிறது என்றார். கையை நீட்டச் சொன்னார், மணிக்கட்டு தொங்கியது. ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகத்தான் சொன்னார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

"அம்மா, உங்கட ரத்தத்தில ஈயம் கூடக் கிடக்கு. அதுதான் கிட்னியைப் பழுதாக்கினது. கை, வயிறு, சோகை எல்லாம் அதாலதான். சாப்பாட்டுக்குள்ளால போயிருக்கோணும். வீட்டில ஈயப் பாத்திரம் ஏதும் பாவிக்கிறனீங்களோ?"

"ஆமாங்க. ஈயச்சட்டிதான் எல்லாமே."

"எல்லாமேயோ?"

"சோறு, கறி, தேத்தண்ணி எல்லாம் ஈயத்துலதாங்க. எங்க லயத்துல எல்லா வீட்லயும் அதானுங்க."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்தார். "கடவுளே! இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. ஒரு ஈயப் பாத்திரமும் வீட்டில இருக்கக் கூடாது. இருக்கிற கிட்னியை எண்டாலும் காப்பாத்தோணும். இல்லாட்டி மெசின்ல ரத்தம் சுத்திகரிக்கிற நிலைமைக்கு வந்திடும். விளங்குதோ?"

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. காரணம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம்.

அன்று சாயந்திரமே அண்ணன் அடுப்படியைக் காலி பண்ணினார். சோற்றுச்சட்டி, கறிச்சட்டி, கேத்தல், மூடி, கரண்டி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார். கல்யாணத்துக்கு அக்காவின் அம்மா கொடுத்த போசிப் பாத்திரம் ஒன்று இருந்தது. அதை மட்டும் எடுத்து வைக்கப் பார்த்தாள் அக்கா. "கிட்னி வேணுமா, போசி வேணுமா?" என்று அண்ணன் பிடுங்கிச் சாக்கில் போட்டார். வீட்டில் மிஞ்சியது பரிசுப் பானை ஒன்றுதான்.

"செம்புதான இது? நல்லதாப் போச்சு," என்றாள் அக்கா. அன்றிலிருந்து அந்தப் பானையிலேயே சோறு வடித்தார்கள். வடித்த சோற்றைச் சுளகில் கொட்டிவிட்டு அதிலேயே கறி வைத்தார்கள். அதிலேயே ரசம், அதிலேயே தேத்தண்ணிக்குச் சுடுதண்ணி. விறகுப் புகையில் கம்பெனிப் பெயர் கறுத்துப்போனது. அக்கா உட்கார்ந்து சாம்பல் போட்டுத் தேங்காய்நாரால் உள்ளும் வெளியும் தேய்ப்பாள். பளபளப்பு வந்தால்தான் விடுவாள்.

அதோடு நிறுத்தினாளா? பீலிக்குத் தண்ணீர் பிடிக்க வருகிற ஒருத்தியை விடவில்லை. "ஈயச்சட்டியத் தூக்கி எறிஞ்சிருங்கடி. என்னையப் பாருங்க, என் கையப் பாருங்க. டாக்டரம்மாவே சொன்னாங்க." தொங்குகிற கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். யார் நம்ப மாட்டார்கள்? அதே விழாவில் அதே மாதிரி இன்னொரு பானையைப் பரிசு வாங்கியவள் நாகலெட்சுமி. பின் லயத்தில் இருக்கிறாள். மகள் தனுஜாவின் சீருக்கென்று பானையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தவள், கல்யாணம் முடிந்தும் கொடுக்க மனசு வராமல் வைத்திருந்தாள். மாப்பிள்ளை கொழும்பில் வேலை. தனுஜா ஏழு மாசமாகி அம்மா வீட்டுக்கு வந்திருந்த சமயம். அக்கா சொன்னதைக் கேட்டு நாகலெட்சுமி பெட்டியைத் திறந்தாள்.

ஆனி மாதக் கிளினிக்குக்கு அக்காவை நான்தான் கூட்டிப்போனேன். அண்ணனுக்கு லீவு கொடுக்கவில்லை. மழை என்றால் மழை, பாதையில் ஆறு ஓடியது. அக்கா பின் சீட்டில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். டாக்டரம்மா புது ரிசல்ட்டைப் பார்த்தார், பழையதைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஈயப் பாத்திரத்தில சமைக்க வேண்டாம் எண்டு நான் சொன்னனான் எல்லே?"

"சமைக்கலீங்களே."

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. முந்தியிலும் பாக்க ரெண்டு மடங்கு கூடிக் கிடக்கு. கிட்னி இன்னும் இறங்கிப்போட்டுது. நீங்கள் சொல்வழி கேட்காட்டி நான் என்ன செய்யிறது?"

அக்காவுக்கு வாய் கோணிவிட்டது. அழுகை. எனக்கு வந்ததே கோபம்!

"யாருங்க பொய் சொல்றது?" என்றேன். "வீட்ல இருந்த சட்டி முட்டி எல்லாத்தையும் எறிஞ்சிட்டு ஒத்தப் பானையில பொங்கித் திங்கிறாங்க. அம்மா குடுத்த போசியக்கூட எறிஞ்சிட்டாங்க. ஒங்க பேச்சக் கேட்டுத்தான எறிஞ்சாங்க? லயத்து ஆளுங்கன்னா பொய்தான் சொல்லுவோம்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள். டாக்டரம்மா கையால் தடுத்தார்.

"இருங்கோ தம்பி. என்னத்தை எறிஞ்சனீங்கள்? ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ."

"ஈயச்சட்டி, ஈயக் கேத்தல், ஈயப் போசி…"

"அது எப்பிடி இருக்கும்? பாரமோ?"

"இல்லீங்க. லேசா இருக்கும். வெள்ளையா. கீழ விழுந்தா சொட்டை விழும். பஸார்ல எல்லாக் கடையிலயும் தொங்குமே."

டாக்டரம்மா மெல்ல எழுந்தார். "அது அலுமினியம் எல்லோ?"

"ஆமாங்க, அலுமினியம்," என்றாள் அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அதத்தான ஈயம்ங்கிறது."

முரசுக்குச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. விளங்காத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். விளங்கிய சொல்லை யார் கேட்பது? எங்கள் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அலுமினியத்துக்கு எங்களுக்கு ஈயம் என்றுதான் பேர். டாக்டரம்மா சொன்ன ஈயம், பாட்டரிக்குள்ளே இருக்கிற பாரமான, கறுத்த ஈயம்.

"அப்ப இப்ப எதில சமைக்கிறீங்கள்?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"பரிசுப் பானையில," என்றாள் அக்கா. அந்த அழுகையிலும் ஒரு பெருமை அவளுக்கு. "செம்புங்க. உள்ள வெள்ளையா பூசியிருக்கும். நான் தோட்டத்துலயே கூடக் கொழுந்து எடுத்ததுக்குக் குடுத்தாங்க."

"முந்தியும் அதில சமைச்சனீங்களோ?"

"ரசம் மட்டும்தாங்க வைப்பேன். புளி ரசம்."

டாக்டரம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உடன அதை நிப்பாட்டுங்கோ. எறியாதேங்கோ, நாளைக்கு ஆக்களை அனுப்புறன், சுரண்டிக்கொண்டு போய்ச் சோதிக்கோணும். பானையைப் பத்திரமா வைச்சிருங்கோ. பிறகும் கேப்பினம்." அக்காவின் தொங்குகிற கையைப் பிடித்தார். "நான் சட்டியைக் காட்டுங்கோ எண்டு கேட்டிருக்கோணும் அம்மா. கேக்கேல்ல. என்ர பிழை."

அவர் அப்படிச் சொன்னதும் என் கோபம் எங்கே போவது என்று தெரியாமல் திண்டாடியது. அவர்மேல் வைக்க முடியவில்லை. அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று எழுந்தாள்.

"விஜி, ஆட்டோவ எடு."

"மருந்து எடுக்கணும்க்கா."

"மருந்து கெடக்கட்டும். நாகலெட்சுமி வீட்ல அந்தப் புள்ள திங்கிதுடா!"

நான் அன்றைக்கு ஓட்டிய மாதிரி ஒருநாளும் ஓட்டியதில்லை. டிக்கோயா வளைவில் லொறிக்காரன் என் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினான். அக்கா வழி முழுக்க "நான்தான் சொன்னேன், நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்று ஒரே பாட்டு. லயத்துக்கு மேலே ஆட்டோ போகாது. படி ஏற வேண்டும். கால் வீங்கிய மனுஷி எனக்கு முன்னால் ஏறினாள்.

நாகலெட்சுமி வீட்டு அடுப்பில் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மரவள்ளிக் கிழங்கும் தக்காளியும் போட்ட குழம்பு. தனுஜா தட்டோடு உட்கார்ந்திருந்தாள். அக்கா முந்தானையால் பானையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடைக் கானில் கவிழ்த்தாள். சூடு கையில் பட்டது. கை உணரவில்லை போலிருக்கிறது.

"ஏய், ஒனக்குப் பைத்தியமா?" நாகலெட்சுமி பாய்ந்து வந்தாள். "மாசமா இருக்குற புள்ள சோத்தக் கொட்டுறியே, நீ நல்லா இருப்பியா?"

"நான் நல்லா இல்லடி. அதான் கொட்டுறேன். தனுஜா, தட்டக் குடு இங்க."

"நீதான ஈயச்சட்டி வேணாம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச? இப்ப இதுவும் வேணாமா? அப்ப எதுல பொங்கித் திங்கிறது, ஒன் தலையிலயா?"

"ஈயம்னா அந்த ஈயம் இல்லடி! இதுதான் ஈயம். இதுக்குள்ளதான் இருக்கு. நமக்குக் குடுத்தாங்களே, கைதட்டிக் குடுத்தாங்களே, அதுலதான் இருக்கு!"

நாகலெட்சுமி நம்பவில்லை. நம்புவதற்கு வெகுநேரம் ஆனது. நான் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தனுஜா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "நான் ஒரு மாசமாத் திங்கிறேனேக்கா, புள்ளைக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்டாள். அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அடுத்த நாளே தனுஜாவையும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். ரத்தம் எடுத்தார்கள். பார்ப்போம் என்றார்கள். இந்தப் பார்ப்போம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்?

சுரண்டிக்கொண்டு போன உள்பூச்சில் பாதிக்குப் பாதி ஈயம் என்று முடிவு வந்தது ஆடி மாதத்தில். புளி பட்டால் கரைந்து இறங்குமாம். டாக்டரம்மா போனில் சொன்னார். அக்காவின் கிட்னியைப் பற்றியும் சொன்னார். போனது திரும்பாது, இருப்பதை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம், ஆனால் இனிமேல் ஒரு பிசகும் தாங்காது.

மறுநாள் விடிய, பெரட்டுக்களத்தில் பொம்பளைகள் கூடை எடுக்கவில்லை. பெரட்டு என்பது வேலைக்குப் பேர் போடுகிற இடம். ஆபீசுக்கு முன்னாலேயே இருக்கிறது. பனிமூட்டத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். அக்கா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பக்கத்தில் நாகலெட்சுமி. கண்டாக்கு கத்திப் பார்த்தார், அரைப்பேர் என்றார், பேரே இல்லை என்றார். ஒருத்தியும் அசையவில்லை. கடைசியில் தொரை வந்தார். கூடவே யூனியன் தலைவர், அவர் எப்படித்தான் அந்த நேரத்துக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தாரோ.

அக்கா நடந்ததைச் சொன்னாள். கத்தவில்லை. நாகலெட்சுமி கத்தினாள், தனுஜாவின் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினாள். தொரை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"சீதாலெட்சுமி, எனக்கு ரொம்பக் கவலைதான். ஒனக்கு இனி லேசான வேலை போட்டுத் தாறேன். பிள்ளைக் காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்க. சரியா?"

"அது இருக்கட்டும் தொரே. இந்தப் பானைக்கு என்னா சொல்றீங்க?"

"அது கம்பெனி வாங்கிக் குடுத்தது. எங்க வாங்குனாங்கன்னு எனக்குத் தெரியாது." பிறகுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். "அதோட, அது ஷோவுக்குக் குடுத்த சாமான்தானே? அழகுக்கு வைக்கிறது. அதுல சமைக்கச் சொன்னது யாரு?"

"தொர சொல்றதுலயும் ஒரு ஞாயம் இருக்கும்மா," என்றார் தலைவர்.

நான் தோட்டத்து ஆளும் இல்லை, வாயைத் திறந்தால் ஆட்டோவை ஏற்ற விடமாட்டார்கள். இருந்தும் திறந்திருப்பேன். அதற்குள் அக்கா சொன்னாள்:

"சரிங்க தொரே. தப்பு எங்களதுதான். ஷோ வைக்கத் தெரியாம சோறு பொங்கிட்டோம். எங்க வைக்கணும்னு வந்து காட்டிட்டுப் போங்க."

"என்ன?"

"என் வீட்டுக்கு வாங்க. அழகுக்கு எந்த எடத்துல வைக்கணும்னு ஒங்க கையாலயே வச்சுக் காட்டுங்க. நீங்க வந்தாத்தான் நாங்க மலைக்கு ஏறுவோம்."

"ஆமா, வரட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அப்புறம் எல்லாக் குரலும் சேர்ந்துகொண்டன. கொழுந்து முற்றிக்கொண்டிருக்கும் நேரம். பாக்டரி காத்திருக்கிறது. தொரை கண்டாக்கைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், நடக்கத் தொடங்கினார்.

லயத்துக் கானில் சாக்கடை ததும்பிக்கொண்டிருந்தது. பலகைமேல் கால் வைத்துத் தாண்டி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, தொரை உள்ளே போனார். ஒரே காம்பரா. அதற்கு முன்னால் அடுப்பு வைத்த ஒரு சின்ன அடைப்பு. அக்கா பானையை அவர் கையில் கொடுத்தாள்.

கட்டிலிலிருந்து வீரபத்திரன் அண்ணன் எழுந்து நின்றார். அவர் எழுந்ததால்தான் தொரைக்கு நிற்க இடம் கிடைத்தது. கட்டிலுக்குக் கீழே விறகும் உரச் சாக்கில் கட்டிய துணியும் இருந்தன. அலுமாரிக்கு மேலே கூரை ஒழுகுவதற்கு வைத்த பேசின். சாமித் தட்டில் படத்துக்கு இடமில்லாமல் அக்காவின் மருந்துப் போத்தல்கள் நின்றன. ஜன்னலில் கண்ணாடி இல்லை, அட்டை செருகியிருந்தது. மூலையில் ஒரு மேசை. அதன்மேல் அரிசி வாளி, அதன்மேல் மடித்த பாய்கள். தொரை இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். பானை சுவரில் இடித்தது.

"சரி சரி," என்றார் அவர். "இதை நான் ஆபீசுக்குக் கொண்டுபோறேன். கம்பெனிக்கு அனுப்பிக் கேக்கிறேன்." பானையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வரக் காலெடுத்தார்.

வாசலை நாகலெட்சுமி அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் பெரட்டுக்களத்துப் பொம்பளைகள் எல்லோரும்.

"பானைய வச்சுட்டுப் போங்க தொரே," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரில கேட்டா நான்தான் கொண்டுபோய்க் காட்டணும். என் கிட்னி போனதுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

தொரை மறுபடியும் உள்ளே திரும்பினார். கட்டிலைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மருந்துப் போத்தல்களைப் பார்த்தார்.

"எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

"அதத்தான தொரே நானும் கேட்டேன்," என்றாள் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. தொரை பானையைப் பிடித்தபடி நின்றார். நாங்கள் வழி விடவில்லை.